ஆள் மாறிடுவாங்க, ஃபைல் மாறாது: அமெரிக்க தூதரக ஊழியர்கள் தங்களோட குறைய யார்கிட்ட சொல்றாங்க?

1960கள்ல அமெரிக்க வெளியுறவுத் துறையில சார்லஸ் டபிள்யூ. தாமஸ்ங்கற பேர்ல ரெண்டு பேர் வேலை பாத்தாங்க. அதுல ஒருத்தர் சார்லஸ் வில்லியம் தாமஸ், மெக்சிகோ சிட்டி தூதரகத்துல அரசியல் பிரிவு அதிகாரி. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒருத்தர் இவரோட வேலைய பாத்துட்டு, இவருக்கு ப்ரோமோஷன் குடுக்கணும்னு நல்லா ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்பினாரு. அது போய் உக்காந்தது இன்னொரு தாமஸோட ஃபைல்ல. தப்ப கண்டுபிடிக்கறதுக்குள்ள ப்ரோமோஷன் போர்டு முடிவெடுத்து எந்திரிச்சு போயாச்சு. இத்தனை வருஷத்துக்குள்ள ப்ரோமோஷன் வரலன்னா வேலைய விட்டு அனுப்பிடணும்ங்கறது அங்க விதி, அதுபடி 1969ல அவர அனுப்பிட்டாங்க. பென்ஷன் வாங்கற வயசும் ஆகல. வேற வேலை தேடி அலைஞ்சு ஒண்ணும் அமையாம 1971 ஏப்ரல்ல தற்கொலை பண்ணிக்கிட்டாரு.

பின்னாடி காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், தனியா ஒரு சட்டமே போட்டு, அவர் வேலையில இருந்தப்ப செத்த மாதிரி கணக்கு வெச்சு குடும்பத்துக்கு சேர வேண்டியத குடுத்துச்சு, ஜனாதிபதி ஃபோர்டு அவர் மனைவிக்கு மன்னிப்பு கேட்டு கடிதம் எழுதினாரு. அதெல்லாம் சரி, ஆனா இதுல யாரும் அவர ஒழிக்கணும்னு திட்டம் போட்ட மாதிரி தெரியல. ஒரு காகிதம் இடம் மாறிச்சு, அவ்ளோதான். இத கொஞ்சம் சரி பண்ணுங்கன்னு போய் நிக்கறதுக்கு ஒரு இடம் இல்லாதது தான் ஆள கொன்னுது. இன்னிக்கு அமெரிக்க தூதரக அதிகாரிகளுக்கு இருக்கற குறைதீர்ப்பு ஏற்பாடு முழுக்க அந்த இடத்துல இருந்து தான் வளந்தது, அதனாலயோ என்னமோ என் பார்வையில அது அடிப்படையில ஃபைல ரிப்பேர் பண்ற ஒரு ஏற்பாடு. அந்த வேலைய நல்லாவே பண்ணுது. குறை ஃபைல்ல வராத சங்கதின்னா தடுமாறுது, ஃபைலே அந்த சிஸ்டத்துல இல்லாத ஆளுன்னா அதுக்கு கண்ணே தெரியாது.

ஏன் ஃபைல் இவ்ளோ பெருசு

சாதாரண ஆபீஸ்ல பாஸ் கூட ஒத்து வரலன்னா சுத்தி இருக்கறவங்களுக்கு தெரியும், அவர் அப்படித்தான் எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுவாருன்னு நாலு பேர் சொல்லுவாங்க, அதுவே ஒரு பாதுகாப்பு. தூதரக வேலையில அது கிடையாது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாறும், நீங்க மாறலன்னா பாஸ் மாறுவாரு, கூட வேலை பாத்தவங்க நாலு கண்டத்துக்கு சிதறி போயிருப்பாங்க. மிஞ்சறது எழுதி வெச்சது மட்டும் தான்.

அந்த எழுத்த படிச்சு தான் ஒவ்வொரு வருஷமும் வாஷிங்டன்ல செலக்ஷன் போர்டுன்னு ஒரு குழு உக்காந்து யார் மேல போகணும்னு வரிசை போடுது. அந்த குழு உங்கள கூப்பிட்டு பேசாது, உங்க பழைய பாஸுக்கு போன் போட்டு கேக்காது. 1946 சட்டத்துல கடற்படைய பாத்து எடுத்துக்கிட்ட விதி ஒண்ணு இருக்கு, மேல போ இல்லன்னா வெளிய போங்கற விதி. ஒரு கிரேடுல இத்தனை வருஷம் தான் இருக்கலாம், அது முடிஞ்சா கிளம்ப வேண்டியது தான். அதனால ஒரு வருஷ ரிப்போர்ட்ல இருக்கற ஒரு மோசமான வரி, அந்த வருஷத்தோட போறதில்ல. அடுத்தடுத்த போர்டுகளும் அதையே திரும்ப திரும்ப படிக்கும், கடிகாரம் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்.

அந்த வருஷாந்திர ரிப்போர்ட்டுக்கு ஈஈஆர்னு பேர். நேரடி பாஸ் ரேட்டரா எழுதுவாரு, அவருக்கு மேல இருக்கறவர் ரிவ்யூவரா எழுதுவாரு, கடைசியா சம்பந்தப்பட்ட ஆளுக்கும் ஒரு கட்டம் இருக்கும், அவர் பங்குக்கு அவர் எழுதிக்கலாம். இந்த கட்டத்துக்கு அதிகாரிகள் வெச்சிருக்கற பேரு தற்கொலை கட்டம். ஏன்னா பாஸ் எழுதினத மறுத்து கோவமா நாலு வரி எழுதினீங்கன்னா, போர்டுல படிக்கறவருக்கு பாஸ் மேல சந்தேகம் வராது, இந்த ஆள் கூட சேர்ந்து வேலை பாக்கறது கஷ்டம் போலயேன்னு உங்க மேல தான் வரும். எழுதாம விட்டா ஒத்துக்கிட்ட மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தொனிய புடிக்கணும், அதுக்குன்னே சீனியர்கிட்ட குடுத்து பத்து தடவை திருத்தறவங்க உண்டு.

இன்னொரு சிக்கல், எல்லாரையும் எல்லாரும் ஓஹோன்னு எழுதறது. ரேட்டர்னு உக்காந்தா தன்னோட ஆள கொறச்சு எழுத யாருக்கும் மனசு வராது, அப்படி வருஷக்கணக்கா புகழ்ச்சி ஏறி ஏறி கடைசில திறமையானவர்னு மட்டும் எழுதினா அது திட்டு மாதிரி ஆயிடுச்சு. திட்டாமயே ஒருத்தர கவுக்கலாம், உயர்வு நவிற்சிய ஒரு படி இறக்கினா போதும். இது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள வியாதி கிடையாது. இந்தியாவுல எல்லை சாலைகள் அமைப்புல இருந்த ஒரு இன்ஜினியருக்கு ஒரு வருஷ ரகசிய அறிக்கையில நன்றுன்னு போட்டாங்க. கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா ப்ரோமோஷனுக்கு அஞ்சு வருஷமும் மிக நன்று வேணும், அதனால அந்த நன்று அவர காலி பண்ணிடுச்சு, அப்படி ஒண்ணு எழுதியிருக்காங்கன்னு அவருக்கு சொல்லவும் இல்ல. 2008ல உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்குல, மோசமானத மட்டும் சொன்னா பத்தாது, எல்லா பதிவையும் ஊழியருக்கு காட்டணும்னு சொல்லிச்சு. இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகளும் இப்ப தன்னோட மதிப்பீட்ட படிச்சு பாத்து மறுப்பு எழுத முடியுதுன்னா அது பின்னாடி இந்த வழக்கு இருக்கு.

தாமஸுக்கு அப்பறம் வந்தது

1973ல லிண்ட்சே எதிர் கிஸ்ஸிஞ்சர் வழக்குல வாஷிங்டன் ஃபெடரல் கோர்ட், ஒருத்தர ஒரு விசாரணையும் இல்லாம இப்படி வெளிய அனுப்பறது அரசியல் சாசனத்துக்கு ஒத்து வராதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதே சமயம் காங்கிரஸ்லயும் அழுத்தம். துறை என்ன சொல்லிச்சுன்னா நாங்களே உள்ளுக்குள்ள ஒரு ஏற்பாடு வெச்சுக்கறோம், தற்காலிகமா ஒரு போர்டும் போட்டாச்சு, சட்டமெல்லாம் எதுக்குன்னு. எந்த துறையும் சொல்றது தான். கடைசில 1975ல சட்டம் வந்துச்சு, அதுல பொறந்தது ஃபாரின் சர்வீஸ் கிரீவன்ஸ் போர்டு, தமிழ்ல வெளியுறவுப் பணி குறைதீர்ப்பு வாரியம்னு வெச்சுக்கலாம். 1980ல வெளியுறவுப் பணிச் சட்டத்த புதுசா எழுதினப்ப அதோட 11வது அத்தியாயம் முழுசா இதுக்கே ஒதுக்கினாங்க, இன்னிக்கும் அது தான் அடிப்படை.

வாரியத்துல யார் உக்காரறாங்கங்கறது இதுல ரொம்ப முக்கியம். துறையில வேலை பாக்கற ஒருத்தரும் அதுல இருக்க முடியாது. கொறஞ்சது அஞ்சு பேர், ரெண்டு வருஷ பதவிக்காலம், வெளியுறவு அமைச்சர் தான் நியமிக்கணும், ஆனா அவர் இஷ்டத்துக்கு ஆள் போட முடியாது, நிர்வாகமும் ஊழியர் சங்கமும் ரெண்டு பேரும் எழுத்துல ஒத்துக்கிட்ட பட்டியல்ல இருந்து தான் எடுக்கணும். நடைமுறையில தொழில் தகராறு நடுவர்களும் ரிட்டயர்ட் ஆன தூதரக அதிகாரிகளும் கலந்து இருப்பாங்க. இந்த கலவை எனக்கு புத்திசாலித்தனமா படுது. நடுவருக்கு சட்டம் தெரியும், ஆனா ஒரு ஈஈஆர்ல எந்த வார்த்தை குத்துதுன்னு தெரியாது, அது அந்த வேலையில முப்பது வருஷம் கிடந்த ஆளுக்கு தான் தெரியும்.

எதெல்லாம் குறைன்னு சொல்லலாம்ங்கறதையும் சட்டம் நல்லா அகலமாவே எழுதியிருக்கு. ஃபைல்ல தப்பு, விடுபடல், பொய்யா பாதகமா எழுதினது, சட்டத்தையும் விதியையும் தப்பா பொருத்தினது, நியாயமில்லாத தண்டனை, அலவன்ஸ் குடுக்காம வெச்சுக்கிட்டது, குறை சொன்னதுக்காக பழி வாங்கறது, ஏன் வேலை சூழல் சரியில்லங்கற அதிருப்தி கூட அந்த பட்டியல்ல வருது. படிக்கறப்ப எல்லாமே இருக்கற மாதிரி தான் தோணும்.

போற வழி எப்படின்னா, முதல்ல சொந்த துறைக்கிட்டயே எழுத்துல குடுக்கணும், வெளியுறவுத் துறைன்னா அங்க இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும். ஆனா ரேட்டர் ரிவ்யூவர் சம்பந்தப்பட்ட குறைன்னா, அந்த ஆள் கீழ இருந்து நீங்க விடுபட்டதுக்கு அப்பறம் ஒரு வருஷம்னு இன்னொரு கணக்கும் உண்டு, மொத்தம் மூணு வருஷத்த தாண்டக்கூடாது. இந்த சலுகைய எழுதினவருக்கு தூதரக வாழ்க்கை தெரிஞ்சிருக்கு. பாஸோட ஒரே காம்பவுண்டுக்குள்ள வீடு, அவர் பிள்ளைகளும் உங்க பிள்ளைகளும் ஒரே ஸ்கூல் பஸ்ல போகுது, உங்க கணவருக்கோ மனைவிக்கோ அதே தூதரகத்துல ஒரு சின்ன வேலை இருக்கு, அந்த நிலைமையில அவர் மேல பேப்பர் எழுத எத்தனை பேருக்கு துணிச்சல் வரும்? ஊர் மாறி போன அப்பறம் தான் பேனாவ எடுப்பாங்க.

துறை 90 நாள்ல பதில் சொல்லணும். சொல்லலன்னாலோ, சொன்னது பிடிக்கலன்னாலோ 60 நாளுக்குள்ள வாரியத்துக்கு போகலாம். வாரியம் பெரும்பாலும் மூணு பேர் கொண்ட குழுவா உக்காந்து காகிதங்கள படிச்சே முடிவெடுக்கும், தண்டனை, கட்டாய ரிட்டயர்மென்ட் மாதிரி விஷயம்னா நீங்க கேட்டா நேர்ல விசாரணை வெச்சாகணும். கேஸ் நடக்கறப்ப வேலைய விட்டு தூக்கறத நிறுத்தி வைக்கற அதிகாரம் வாரியத்துக்கு உண்டு, தாமஸுக்கு அது ஒண்ணு இருந்திருந்தா போதும். வக்கீலோ சங்கத்து ஆளோ நண்பரோ யார வேணா துணைக்கு வெச்சுக்கலாம். அப்பறம், குறை சொன்னாருங்கற தகவலே அவரோட பணி ஃபைல்ல ஏறக்கூடாது, தனியா வைக்கணும். இல்லன்னா அடுத்த செலக்ஷன் போர்டு அதையும் படிச்சிட்டு இருக்கும். முடிவுகள வாரியம் பேர மறைச்சு வெளியிடுது, பொழுது போகலன்னா படிச்சு பாருங்க, தூதரகத்துக்குள்ள நிஜமா என்ன நடக்குதுன்னு அதுல தெரியற அளவுக்கு எந்த தூதரோட நினைவுக் குறிப்புலயும் தெரியாது.

ரிப்பேர் எப்படி நடக்குது

அடிக்கடி வர்ற மாதிரி ஒரு கேஸ எடுத்துக்கலாம். ஒரு விசா பிரிவு அதிகாரி, வருஷம் முழுக்க பாஸ் ஒரு குறையும் சொல்லல. ஏப்ரல்ல ஈஈஆர் வருது, அதுல முன்னேற வேண்டிய விஷயம்ங்கற இடத்துல, கீழ இருக்கறவங்கள நடத்தறதுல பொறுமை போதலன்னு ஒரு வரி. அவருக்கு தூக்கி வாரி போடுது. விதி என்னன்னா, ரேட்டர் வருஷத்துக்கு நடுவுலயே உக்கார வெச்சு பேசியிருக்கணும், குறை இருந்தா சொல்லி திருத்திக்க அவகாசம் குடுத்திருக்கணும். இது நடக்கலன்னு அதிகாரி காட்டணும், அது முடிவ பாதிச்சிருக்க கூடிய அளவுக்கு பெரிய தவறுன்னும் காட்டணும். அப்படி காட்டிட்டாருன்னா பாரம் அந்த பக்கம் போயிடும், இந்த தப்பு நடக்கலன்னாலும் நாங்க இதே முடிவ தான் எடுத்திருப்போம்னு துறை நிரூபிக்கணும்.

நல்லா கவனிச்சா, அந்த அதிகாரி நிஜமாவே பொறுமை இல்லாத ஆளாங்கற கேள்விக்கு இங்க யாரும் பதில் தேடல. முறைப்படி எழுதினாங்களா, எழுதினதுக்கு ஆதாரமா ஒரு உதாரணமாவது இருக்கா, இத தான் பாக்கறாங்க. சிலருக்கு இது ஏமாத்தமா இருக்கும், நான் நல்லவன்னு யாராவது சொல்லணும்னு தான வந்தேன்னு. எனக்கென்னவோ இது தான் சரின்னு தோணுது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏழாயிரம் மைல் தள்ளி ஒரு கான்சுலேட்ல ரெண்டு பேருக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு மூணு பேர் காகிதத்த வெச்சு கண்டுபிடிக்கறது நடக்கற காரியம் இல்ல. விதிய மீறினாங்களான்னு கண்டுபிடிக்கலாம்.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்? அந்த வரிய எடுப்பாங்க, சில சமயம் முழு ஈஈஆரையே உருவிட்டு இந்த காலத்துக்கு மதிப்பீடு இல்லை, அதுக்கு அதிகாரி பொறுப்பில்லன்னு ஒரு துண்டு காகிதம் வைப்பாங்க. அப்பறம் தான் வேடிக்கை, அந்த தப்பான காகிதத்த படிச்சு ஏற்கனவே ஒரு செலக்ஷன் போர்டு முடிவெடுத்திருச்சே, அத என்ன பண்றது? அதுக்கு மறு போர்டு வைப்பாங்க. அந்த வருஷம் போட்டியில இருந்த சிலரோட ஃபைல், அதாவது ப்ரோமோஷன் கோட்டுக்கு கொஞ்சம் மேலயும் கொஞ்சம் கீழயும் இருந்தவங்க ஃபைல், அது கூட திருத்தின ஃபைலையும் கலந்து புது ஆட்கள்கிட்ட குடுத்து, நீங்க இப்ப வரிசை போடுங்கம்பாங்க. மேல வந்துட்டா பழைய தேதியில இருந்து ப்ரோமோஷன், சம்பள பாக்கி. வரலன்னாலும் அந்த கிரேடுல இன்னொரு வருஷம் கூட்டி குடுக்கறது உண்டு. நடந்து முடிஞ்ச ஒண்ண திரும்ப நடத்தி பாக்கற இந்த யோசனை எந்த அரசு அலுவலகத்துலயும் சுலபமா பாக்க முடியாத ஒண்ணு, இவ்ளோ மெனக்கெடறாங்களேன்னு ஆச்சரியமா இருக்கும்.

ஆனா ஒரு கயிறு கட்டியிருக்காங்க. காகிதத்த திருத்து, சம்பள பாக்கிய குடு, வேலையில திரும்ப சேத்துக்கோன்னு வாரியம் உத்தரவு போடலாம். இவருக்கு ப்ரோமோஷன் குடு, இந்த இடத்துல போடுன்னா அது வெறும் பரிந்துரை தான், அமைச்சர் ஏத்துக்கணும். சட்டத்துக்கு விரோதம்னோ, வெளியுறவுக் கொள்கைக்கோ தேசப் பாதுகாப்புக்கோ கெடுதல்னோ சொல்லி அவர் மறுக்கலாம். அதுக்கும் மேல 180 நாளுக்குள்ள ஃபெடரல் கோர்ட்டுக்கு போகலாம்.

எது உள்ள வராது

செலக்ஷன் போர்டோட மதிப்பீடு தப்புன்னு சொல்ல முடியாது. அவங்க படிச்ச காகிதம் தப்புன்னு தான் சொல்லலாம், படிச்சவங்க மூளை தப்புன்னு சொல்ல முடியாது. எந்த ஊர்ல போடறாங்கங்கறதும் சட்டத்தையோ விதியையோ மீறாத வரைக்கும் வராது. செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசிய தகவல்கள பாக்கறதுக்கான அனுமதி, வேற பாதை, அத நிறுத்தி வெச்சிட்டாங்கன்னா வேலை இருக்கும் ஆனா பாக்க வேலை இருக்காது, அப்படி திரியறவங்களுக்கு துறையில வராண்டாவுல நடக்கறவங்கன்னே ஒரு பட்டப்பேர் உண்டு. இதுல இன்னொரு வகையா, சிலரோட பூர்வீகத்த காட்டி குறிப்பிட்ட நாடு சம்பந்தமான வேலை பாக்கக்கூடாதுன்னு தடை போடற வழக்கம் இருந்துச்சு, ஆசிய வம்சாவளி அதிகாரிகள் இதுல அதிகமா மாட்டினாங்க. இப்ப செனட்டரா இருக்கற ஆண்டி கிம் அந்த துறையில வேலை பாத்தப்ப, அவர் கேக்காமயே நீங்க கொரியா விஷயத்துல வேலை பாக்கக்கூடாதுன்னு கடிதம் வந்துச்சாம். வருஷக்கணக்கா போராடி 2023ல தான் அப்ப வெளியுறவு அமைச்சரா இருந்த பிளிங்கன் அந்த தடை முறைய நிறுத்தறதா அறிவிச்சாரு. அது வாரியத்தால நடந்தது கிடையாது, அதிகாரிகள் ஒண்ணா சேர்ந்து காங்கிரஸ் வரைக்கும் கொண்டு போனதால நடந்தது.

பாலினம், இனம், மதம் அடிப்படையில பாகுபாடுன்னா தனி வழி, 45 நாளுக்குள்ள சம வாய்ப்பு கவுன்சிலர்கிட்ட போகணும். ரெண்டு வருஷத்துக்கும் 45 நாளுக்கும் உள்ள வித்தியாசத்த பாருங்க, எது கூச்சமும் பயமும் அதிகம் உள்ள குறையோ அதுக்கு தான் அவகாசம் கம்மி. இந்த பக்கத்து வரலாறுல அலிசன் பால்மர்ங்கற அதிகாரிய சொல்லாம முடியாது. ஆப்பிரிக்காவுல இருந்த அமெரிக்க தூதர்கள் ஒருத்தர் மாத்தி ஒருத்தர், பொம்பளைங்கறதால இவங்க வேண்டாம்னாங்க, எத்தியோப்பியாவுல தூதரோட மனைவிக்கு சோஷியல் செக்ரட்டரி வேலை பாக்க விட்டாங்க. 1968ல புகார் குடுத்து தனக்காக ஜெயிச்சாங்க, அதோட நிக்காம 1976ல எல்லா பெண் அதிகாரிகளுக்காகவும் வழக்கு போட்டாங்க, 1987ல அப்பீல் கோர்ட்ல பெண்கள் பக்கம் தீர்ப்பு வந்துச்சு. கறுப்பின அதிகாரிகள் 1986ல போட்ட வழக்கு 1996ல 38 லட்சம் டாலர் சமரசத்துல முடிஞ்சுது. தனி ஆளோட ஃபைல திருத்தற ஏற்பாடு கையில இருந்தும் இவங்க ஏன் கோர்ட்டுக்கு போனாங்கன்னா, ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியா பாத்தா சுத்தமா தான் இருக்கும், ஆயிரம் ஃபைல ஒண்ணா வெச்சு பாத்தா தான் யாருக்கு நல்ல போஸ்டிங் போகுது யாருக்கு விசா கவுண்டர் போகுதுன்னு தெரியும்.

இந்தியாவோட முதல் பெண் தூதரக அதிகாரி முத்தம்மா கதை இன்னும் நேரடி. பெண் அதிகாரி கல்யாணம் பண்ண அரசுகிட்ட அனுமதி வாங்கணும், கல்யாணம் ஆன பெண்ணுக்கு இந்த பணியில நியமனம் உரிமை கிடையாதுன்னு 1961 விதிகள்லயே பச்சையா எழுதியிருந்துச்சு. மேல் கிரேடு ப்ரோமோஷன் மறுத்ததும் நேரா உச்ச நீதிமன்றத்துக்கு போனாங்க. கேஸ் நடக்கறப்பவே அரசு அவசரமா ப்ரோமோஷன குடுத்துருச்சு, 1979ல நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவ முடிச்சு வெச்சாலும் அந்த விதிகள வெளுத்து வாங்கிட்டாரு. இடையில ஒரு வாரியமோ தீர்ப்பாயமோ இல்ல, குறைன்னா செயலாளர் அறை, அது முடிஞ்சா நேரா கோர்ட் தான். மத்திய நிர்வாக தீர்ப்பாயம் வந்ததே 1985 சட்டத்துக்கு அப்பறம் தான்.

இன்னொண்ணு, நிறைய பேர் குழப்பிக்கற டிஸ்ஸென்ட் சானல். 1971ல வியட்நாம் போர் சமயத்துல வந்தது, கொள்கை தப்புன்னு நினைக்கற அதிகாரி மேலிடத்துக்கு நேரா எழுதலாம். என் பாஸ் சரியில்லன்னு அதுல எழுத முடியாது. நாட்டோட போர் தப்புன்னு சொல்றதுக்கு மூணு வரி கேபிள், அதாவது தூதரக தந்தி, போதும், என் ஈஈஆர் தப்புன்னு சொல்ல ரெண்டு வருஷ கேஸ் நடத்தணும்னு ஒரு கிண்டல் பண்ணலாம், ஆனா யோசிச்சா ரெண்டாவதுல தான் பலன் ஏதாவது கிடைக்குது.

இப்ப ஆடிட்டு இருக்கறது

இந்த ஏற்பாட்டோட ஒரு கால் சங்கம். 1924ல ஆரம்பிச்ச அமெரிக்க ஃபாரின் சர்வீஸ் அசோசியேஷன், சுருக்கமா அஃப்சா, 1973ல தொழிற்சங்கமாவும் ஆச்சு. வாரியத்துல யார் உக்காரலாம்ங்கறதுல ஒரு கை இவங்களுடையதுன்னு மேல சொன்னேன், கேஸ் நடத்தறவங்களுக்கு வக்கீல் உதவியும் இவங்க தான். 2025 மார்ச்ல டிரம்ப் போட்ட 14251ம் எண் நிர்வாக உத்தரவு, தேசப் பாதுகாப்புன்னு சொல்லி வெளியுறவுத் துறை உள்பட பல துறைகள்ல சங்கத்தோட பேரம் பேசற உரிமைய எடுத்துருச்சு. அஃப்சா கோர்ட்டுக்கு போச்சு, மே மாசம் கீழ்க் கோர்ட் தடை போட்டுச்சு, ஜூன்ல அப்பீல் கோர்ட் அந்த தடைய நிறுத்தி வெச்சுது. ஜூலையில 1,300க்கு மேல ஆட்களுக்கு துறை வேலைநீக்க நோட்டீஸ் குடுத்துச்சு, அதுல 200க்கு மேல தூதரக அதிகாரிகள்.

வாரியம் சட்டத்துல இருக்கறதால ஒரு உத்தரவுல மறையாது. ஆனா ரெண்டு தரப்பும் ஒத்துக்கணும்னு எழுதி வெச்ச இடத்துல ஒரு தரப்ப அங்கீகரிக்கவே மாட்டேன்னு சொன்னா, அடுத்த ரெண்டு வருஷ நியமனம் எப்படி நடக்கும்? அதே வருஷம் ப்ரோமோஷன் அளவுகோல்ல விசுவாசம்னு ஒண்ண சேத்திருக்காங்க. பொறுமை போதலன்னு எழுதினா எந்த நாள், யார்கிட்டன்னு ஆதாரம் கேக்கலாம். விசுவாசம் போதலன்னு எழுதினா அதுக்கு எதிரா என்ன காகிதத்த கொண்டு போய் காட்டறதுங்கறது இனி வர்ற கேஸ்கள்ல தான் தெரியும்.

ஃபைலே இல்லாதவங்க

இதுவரைக்கும் சொன்னது முழுக்க அமெரிக்க குடிமக்களான அதிகாரிகளுக்கு. ஆனா உலகம் பூரா அமெரிக்க தூதரகங்கள ஓட்டறது உள்ளூர் ஊழியர்கள், சுமார் 50,000 பேர். விசா விண்ணப்பத்த அடுக்கறவங்க, டிரைவர், மொழிபெயர்ப்பாளர், அக்கவுன்டன்ட், அரசியல் ஆலோசகர், அதிகாரி மாறி மாறி வந்தாலும் இருபது வருஷமா அதே மேஜையில இருக்கறவங்க. 11வது அத்தியாயம் அமெரிக்க குடிமகனா இருக்கற பணி உறுப்பினருக்கு தான் பேசுது, அதனால அந்த வாரியம் இவங்களுக்கு கிடையாது. அந்தந்த தூதரகத்தோட கையேடு என்ன சொல்லுதோ அது தான், குறைய கேக்கறதும் முடிவெடுக்கறதும் அதே கட்டடத்துல இருக்கற நிர்வாகம்.

உள்ளூர் கோர்ட்டுக்கு போகலாமேன்னு தோணும். போனா அரசு விலக்குரிமைன்னு ஒரு சுவர் நிக்கும், ஒரு நாட்ட இன்னொரு நாட்டு கோர்ட் விசாரிக்கக்கூடாதுங்கற கொள்கை. இது எல்லா நாட்டு தூதரகத்துக்கும் பொது. லண்டன் அமெரிக்க தூதரகத்துல வேலை பாத்த ஒரு பெண், பாகுபாடுன்னு ஒரு கேஸ்ல இழப்பீடு வாங்கிட்டு, அப்பறம் அங்கயே வேற வேலைக்கு விண்ணப்பிச்சப்ப மறுத்துட்டாங்க, அதுக்காக திரும்ப கேஸ் போட்டா விலக்குரிமைய காட்டிட்டாங்க. 2001ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஃபோகார்ட்டி வழக்குல, அது தப்பில்லன்னு சொல்லிருச்சு, யார வேலைக்கு எடுக்கறதுங்கறது நாட்டோட இஷ்டம்னு.

ஒம்போது வருஷம் கழிச்சு காத்து கொஞ்சம் திரும்பிச்சு. வில்னியஸ்ல போலந்து தூதரகத்துல டெலிபோன் சுவிட்ச்போர்டுல வேலை பாத்த ஒரு லித்துவேனிய பெண், ஒரு தூதரக அதிகாரி பாலியல் தொல்லை குடுக்கறதா புகார் குடுத்தாங்க, லித்துவேனியாவோட சம வாய்ப்பு அதிகாரி விசாரிச்சு உண்மைன்னு சொன்னாங்க. மன அழுத்தத்துல லீவு போட்டுட்டு திரும்ப வந்தா கேட்டுக்குள்ள விடல. ரெண்டு மூணு தடவை வந்து பாத்தாங்க, விடல. கடைசில வேலைக்கு வரலங்கற காரணத்த சொல்லி டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க! லித்துவேனிய கோர்ட்டுகள் விலக்குரிமைன்னு கைய விரிச்சுது. 2010ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இவங்க பாத்தது போலந்தோட ஆட்சி அதிகாரத்த செலுத்தற வேலை கிடையாது, அதனால கோர்ட் வாசல மூடினது தப்புன்னு குடக் எதிர் லித்துவேனியா வழக்குல சொல்லிச்சு. 2017ல பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் லண்டன்ல சூடான், லிபியா தூதரகங்கள்ல வீட்டு வேலை பாத்த ரெண்டு பேர் கேஸ்ல கிட்டத்தட்ட இதே வழியில போச்சு, அதுக்கு ஏத்த மாதிரி சட்டத்த 2023ல தான் மாத்தினாங்க.

ஐரோப்பாவுக்கு வெளிய இது நாட்டுக்கு நாடு மாறும். கேஸ் போட்டு ஜெயிச்சாலும், தூதரகம் பணத்த குடுக்கலன்னா, 1961 வியன்னா உடன்படிக்கையோட 22வது பிரிவு இருக்கு, தூதரக கட்டடத்தையும் அதுல உள்ள சாமானையும் யாரும் ஜப்தி பண்ண முடியாது, தூதரோட சம்மதம் இல்லாம கோர்ட் அமீனா வாசப்படிய தாண்ட முடியாது.